கடைக்குப் பின்னால் கிடந்த வீடு

சித்தி வீட்டுப் பூட்டைத் திறந்ததும் தம்பி சொன்ன முதல் வார்த்தை, "வித்துடலாம்க்கா."

அவன் இன்னும் உள்ளே காலே வைக்கவில்லை. வாசற்படியில் நின்றபடி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்த முடிவுக்கு வந்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. சித்தி போய் இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு அது. முன்னறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயின்ட் பட்டை பட்டையாக உரிந்து தொங்கியது. படுக்கையறைக் கூரையின் ஒரு மூலையில் வெளிச்சம் தெரிந்தது. விளக்கு வெளிச்சமில்லை, சூரிய வெளிச்சம். சமையலறையில் அடுப்பு மேடைக்குக் கீழே நான்கு அறைகள் கதவில்லாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. குழாயைத் திறந்தால் அது இருமியதே தவிரத் தண்ணீர் வரவில்லை.

அக்கா எல்லா அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு கழுத்தில் கிடந்த அளவு டேப்பை உருவி, முன்னறையின் நீளத்தை அளக்க ஆரம்பித்தாள்.

"எதுக்குக்கா அளக்கற? வாங்கறவன் அளந்துக்குவான்."

"நான் குடியிருக்கப் போறேன். அதனால நான் அளக்கறேன்," என்றாள் அக்கா.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முப்பத்தோரு வருஷம் ஒரு பெரிய துணிக்கடையின் மூன்றாம் மாடியில், ஆல்ட்ரேஷன் பிரிவில் வேலை பார்த்தவள். கீழே ஆசை ஆசையாக எடுத்துக்கொண்டு வருகிற ரெடிமேட் உடுப்பு பத்தில் ஏழு பேருக்குப் பொருந்தாது. இடுப்பு பிடிக்கும், கை நீளும், தோள் இறங்கும். அவற்றைப் பிரித்து, வெட்டி, மறுபடி தைத்து, அந்த ஆளுக்கென்றே பிறந்த உடுப்பாக்கி அனுப்புவது அக்காவின் வேலை. புகழெல்லாம் கடைக்குப் போகும். அக்காவுக்கு டேப் மிச்சம். அதுவும் எந்நேரமும் கழுத்திலேயே கிடக்கும் என்பதால் தெரிந்தவர்களுக்கு அவள் 'டேப் அக்கா'. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவளிடம் கேட்டவர்கள் உண்டு; இரண்டாம் தடவை கேட்டவர்கள் கிடையாது.

ஓய்வு பெற்றதும் வாடகை அறையைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தாள். தம்பி தங்கமானவன். சிக்கலே அதுதான். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். "நீ ஒண்ணும் செய்யாதேக்கா, உட்காரு" என்று அவனும் அவன் மனைவியும் மாறி மாறி உட்கார வைத்தார்கள். எட்டு மாதமாக உட்கார்ந்தாள். அவள் துணிமணி எட்டு மாதமும் பெட்டியிலேயே இருந்தது. சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் யாரையாவது கேட்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தம்பி மனைவி சிரித்துக்கொண்டே வந்து, "தூசி வருது அண்ணி" என்று மூடிவிட்டுப் போவாள். ஐம்பத்தெட்டு வயதில், உள்ளேயிருந்து தானே தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை வந்தது. அந்த ஆசை தொண்டை வரைக்கும் நிரம்பியிருந்த நேரத்தில்தான் சித்தியின் உயில் கைக்கு வந்தது.

சித்தி வீட்டை இருவர் பேரிலும் எழுதி வைத்திருந்தாள். விற்க வேண்டுமென்றாலும் இருவர் கையெழுத்து வேண்டும். ஒருவரே வைத்துக்கொள்ள வேண்டுமென்றாலும் மற்றவர் கையெழுத்து வேண்டும்.

"உன்கிட்ட இருக்கற பணம் கூரைக்கும் கரன்ட்டுக்குமே சரியாப் போயிடும்," என்றான் தம்பி. "அப்புறம் எதுல உட்காருவ? எதுல படுப்ப? நான் குடுத்தா வாங்கிக்கவும் மாட்டே."

"மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காதேக்கா."

"சின்ன வயசுல உன் பிடிவாதத்தை எல்லாம் யாரு தாங்கினது? இப்ப என் முறை."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வியாபாரி அல்லவா, பேரத்தை விடவில்லை. "சரி, மூணு மாசம். அப்புறம் நான் வந்து பார்ப்பேன். மனுஷங்க குடியிருக்கற வீடுன்னு எனக்குத் தோணிச்சுன்னா, என் பங்கையும் உனக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம். தோணலேன்னா வித்துட்டு, நீ எங்ககூடவே வந்துடணும். அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

"பார்க்கறது நீதானா?"

"நான் ஃபர்னிச்சர்காரன்க்கா. கண்ணுதான் எனக்குத் தொழிலே."

உண்மைதான். கடைவீதியிலேயே பெரிய ஃபர்னிச்சர் கடை அவனுடையது, மூன்று மாடி. சின்னதாக ஆரம்பித்துத் தலையால் தண்ணீர் குடித்து வளர்த்த கடை. 'பழசைக் கொடுங்கள், புதுசை எடுங்கள்' என்று வாசலில் பெரிய பலகை. பழசைக் கொடுத்தவர்களுக்குப் புதுசின் விலையில் கொஞ்சம் தள்ளுபடி. அந்தப் பழசு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை, தம்பி உட்பட. அது கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்கு அடியில், மலையாகக் குவிந்து கிடக்கும். மாதம் ஒரு தரம் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

அக்கா வேலையில் இறங்கினாள். தம்பி சொன்னது பலித்தது: கையிலிருந்த பணத்தைக் கூரையும் ஒயரிங்கும் தண்ணீர்க் குழாயும் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டன. மிச்சமிருந்ததில் உப்புத்தாளும் பட்டியும் ஆணியும்தான் வாங்க முடியும். மற்றதற்கெல்லாம் அவள் கைதான்.

முதலில் ஈரச் சுவர். கொத்தனார் பார்த்துவிட்டு, மொத்தமாக உடைத்துப் பூச வேண்டும் என்று கையை விரித்தார். அக்கா இரண்டு நாள் அந்தச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உடுப்பில் தோள் தூக்கிக்கொண்டு நின்றால் கோளாறு தோளில் இருக்காது, கழுத்தில் இருக்கும் என்பது அவள் தொழில் பாடம். அதே புத்தியில் வெளியே போய்ப் பார்த்தாள். கூரையிலிருந்து மழைத் தண்ணீர் இறங்குகிற குழாய் பாதியில் உடைந்து, நேராகச் சுவரின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை மாற்றி, சுவரோடு ஒட்டிக் குவிந்திருந்த மண்ணை வெட்டி அப்புறப்படுத்தினாள். மூன்று வாரத்தில் சுவர் காய்ந்தது. உரிந்ததையெல்லாம் சுரண்டினாள், வெடிப்புகளில் பட்டி அடைத்தாள், தேய்த்தாள், மறுபடி அடைத்தாள். தலைமுடி, இமை, காதுமடல் எல்லாம் வெள்ளை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சுடி உனக்கு" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டாள்.

பெயின்ட் கடையில், கலக்கும்போது நிறம் மாறிப்போய் யாரும் வாங்காமல் ஓரங்கட்டிய டப்பாக்கள் இருக்கும். ஐந்து டப்பாவை அடிமாட்டு விலைக்கு எடுத்து வந்து ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினாள். பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு நிறம் வந்தது. சுவரில் அடித்துக் காய்ந்ததும் அறையே குளிர்ந்துபோனாற்போல் இருந்தது. அதே நிறம் இன்னொரு வீட்டில் இருக்க வழியே இல்லை என்பதில் அக்காவுக்கு ரகசியமாக ஒரு பெருமை.

பிறகுதான் சாமான்கள். தம்பிக்குப் போன் செய்தாள். "உன் கடைக்குப் பின்னாடி கிடக்கறதுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"அந்தக் குப்பையையா? அடுப்பெரிக்கவா? என்னவோ பண்ணு," என்றான் தம்பி, வேறு யாரிடமோ விலை பேசிக்கொண்டே.

கடையில் சாமான்களைப் பூட்டி மாட்டிக் கொடுக்கிற ஃபிட்டர் ஒருவன் உண்டு. நாற்பது வயது, நாக்கு நீளம். வேனும் அவன்தான் ஓட்டுவான். குவியலுக்குள் அக்கா ஏறி இறங்குவதைப் பார்த்து அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, முன்பக்கம் வழி இருக்கு. அங்க ஏசி எல்லாம் போட்டிருக்கோம்."

"அங்க இருக்கறதெல்லாம் அட்டையை ஒட்டினது. இங்க கிடக்கறது மரம்," என்றாள் அக்கா.

அது ஃபிட்டருக்கும் தெரிந்த விஷயம். அன்று சாயங்காலமே, ஒரு கால் போன மேஜை, கட்டிலின் தலைப்பலகை, இழுப்பறைகள் சிக்கிக்கொண்ட ஒரு பெட்டி, கண்ணாடி உடைந்த இரண்டு கதவு பீரோ, ஒரு நாற்காலி, இன்னும் சில உடைசல்கள் எல்லாவற்றையும் வேனில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினான். "முதலாளி கேட்டா நான் எதையும் பார்க்கல," என்றான்.

மேஜையின் மேல் யாரோ கொதிக்கிற பாத்திரத்தை வைத்துக் கறுப்பு வட்டம் விழுந்திருந்தது. தேய்க்கத் தேய்க்க, கறுப்புக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் மரம் மேலே வந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்தாள். கால்சட்டையின் உள்மடிப்பைப் பிரிக்கும்போது வெயில் படாத பழைய நிறம் தெரியுமே, அந்த மாதிரி. "இவ்வளவு நல்லாயிருக்கியே, உன்னையா தூக்கிப் போட்டாங்க?" என்று மேஜையிடம் கேட்டாள். யாரும் பக்கத்தில் இல்லாத வசதி. மேஜைக்குக் கால் ஒட்டினாள். இழுப்பறைகளுக்கு மெழுகு தேய்த்தாள். தலைப்பலகைக்குக் கால் வைத்து ஜன்னலோரத்துக்கு ஒரு பெஞ்சாக்கினாள். ஆணி அடிக்கும்போது இரண்டு தரம் கட்டைவிரல் நசுங்கியது. மூன்றாம் தரம் ஆணிக்கே பயம் வந்துவிட்டது.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சமையலறைக் கதவு வரைக்கும்.

அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த நான்கு அறைகளுக்கும் நான்கு கதவு வேண்டும். பீரோவின் இரண்டு கதவுகளையும் பாதி பாதியாக அறுத்தால் கணக்காக நான்கு வரும். ஐந்தாவது கதவுக்கு மரம் மிஞ்சாது. அக்கா ஒவ்வொரு அறையையும் அளந்து, காகிதத்தில் எழுதி, மரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு நாள் ரம்பம் பிடித்து அறுத்தாள். ஓரங்களைத் தேய்த்தாள். வார்னிஷ் அடித்துக் காயவைத்தாள். அடித்து முடித்தபோது அவற்றின் மேல் முகம் தெரிந்தது. மூன்றாம் நாள் முதல் கதவை எடுத்துச் சட்டத்துக்குள் பொருத்தினாள். போகவில்லை. இரண்டாவதை எடுத்தாள். போகவில்லை. நான்குமே போகவில்லை.

டேப்பை எடுத்து அளந்தாள். ஒவ்வொரு கதவும் நான்கு பக்கமும் அரை அரை அங்குலம் கூடுதலாக இருந்தது.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தோரு வருஷம் அந்தக் கை, எழுதின அளவுக்கு மேல் தையலுக்கென்று அரை அங்குலம் விடாமல் ஒரு துணியையும் வெட்டியதில்லை. உள்ளே துணி விட்டிருந்தால்தான் நாளைக்கு அந்த ஆள் குண்டானாலும் பிரித்து விடலாம். அந்தக் கைக்கு மரம் என்ன, துணி என்ன? மனசைக் கேட்காமலேயே விட்டிருக்கிறது. மரத்துக்குத் தையலும் கிடையாது, நாளைக்கு அது குண்டாகப் போவதும் கிடையாது.

இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. கதவில்லாத சமையலறையைத் தம்பி பார்த்த மாத்திரத்தில் என்ன சொல்லுவான் என்று அவளுக்குத் தெரியும். சுற்றிலும் அறுத்துவிடலாம் என்றால், கைரம்பத்தால் அரை அங்குலம் சீவினால் ஓரமெல்லாம் பிய்ந்து போகும்; வேறு மரமும் இல்லை. துணியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்வாள். இது அவள் தொழில் இல்லை என்று முதல் தடவையாக அவளுக்கு உறைத்தது. ஐம்பத்தெட்டு வயதில் எதற்கு இந்த வீம்பு, பேசாமல் போன் செய்து, "வித்துடலாம்டா" என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அழுகை வந்தது. அழுதாள். அழுவதற்கும் அது அவள் வீடுதானே, யாரும் வந்து உட்கார வைக்கவில்லை.

மத்தியானம் ஃபிட்டர் வந்தான், கீல் கொண்டுவந்து கொடுக்க. விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தான், அக்காவுக்கு அவன் தலையில் ஒரு கதவைப் போடலாம் போல இருந்தது. பிறகு அவனே குனிந்து சட்டத்தை மேலும் கீழும் குறுக்கும் நெடுக்கும் அளந்தான். சிரிப்பு நின்றது.

"அக்கா, இங்க பாருங்க. மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு. சட்டமே கோணல். முக்கால் அங்குலம் சாய்ஞ்சிருக்கு."

"அதுக்கு?"

"நீங்க சரியா வெட்டியிருந்தீங்கன்னா ஒரு கதவுகூட உள்ள நேரா நின்னிருக்காது. ஒரு பக்கம் இடிக்கும், ஒரு பக்கம் இளிக்கும். இப்ப உள்ள வைக்கவே வேண்டாம். சட்டத்துக்கு மேலயே படிய வெச்சு மூடிடலாம். கோணல் எல்லாம் கதவுக்குப் பின்னாடி போயிடும். நாலு பக்கமும் அரை அங்குலம் விட்டிருக்கீங்களே, அளவெடுத்த மாதிரி இருக்கு. கீல் மட்டும் வேற மாதிரி வேணும், மேல ஏறி மூடற கீல். நாளைக்குக் கொண்டாறேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் தெரிஞ்சுதான் விட்டேன்னு வெச்சுக்கோ," என்றாள்.

"வெச்சுக்கறேன்," என்றான் ஃபிட்டர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

மறுநாள் நான்கு கதவும் ஏறின. மூடினால் நான்கும் ஒரே கோட்டில் நின்றன. அக்கா அன்றைக்கு ஒரு காரியமும் இல்லாமல் சமையலறைக்கு எத்தனை தடவை போய்த் திறந்து மூடினாள் என்று கணக்கில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று காலை பத்து மணிக்குத் தம்பி வந்தான், மனைவியோடு. பின்னாலேயே கடை வேன். வேனுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு பெரிய சோபா செட்டு. ஓட்டிக்கொண்டு வந்த ஃபிட்டர், அக்காவைப் பார்த்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் தோளைக் குலுக்கினான்.

"அது எதுக்கு?" என்றாள் அக்கா.

"முதல்ல வீட்டைப் பார்க்கறேன்," என்றான் தம்பி.

பார்த்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். ஈரச் சுவர் இருந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தினான். கையை முகர்ந்துகூடப் பார்த்தான். மேஜையைத் தட்டினான், குனிந்து அடிப்பக்கம் விரலை ஓட்டினான். இழுப்பறையை ஒற்றை விரலால் இழுத்தான், அது வெண்ணெயாக வந்தது. புருவத்தை உயர்த்தினான். சமையலறையில் நான்கு கதவுகளையும் திறந்து மூடியவன், கடைசியில் வாயைத் திறந்தான்.

"இது லேட்டஸ்ட் மாடல் ஆச்சே. மேல ஏறி மூடற கதவு. நானே இப்பதான் கடையில இறக்கியிருக்கேன். யாரு பண்ணினது?"

வாசலில் ஃபிட்டருக்கு இருமல் வந்தது.

"நான்தான்," என்றாள் அக்கா. நெஞ்சு நிமிர்ந்தது அவளுக்கே தெரிந்தது.

"அழகா இருக்கு அண்ணி," என்றாள் தம்பி மனைவி. அவள் ஏற்கெனவே ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னலையும் திறந்து வைத்திருந்தாள்.

தம்பி முன்னறைக்கு வந்து நடுவில் நின்றான். "ஒத்துக்கறேன்க்கா. வீடுதான். நான் இவ்வளவு எதிர்பார்க்கல. இதெல்லாம் எங்க வாங்கின? நல்ல மரமா இருக்கே."

"வாங்கல. எல்லாம் உன் கடைக்குப் பின்னாடி கிடந்தது."

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. மேஜையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தான். "குப்பையா? அடுப்பெரிக்கன்னு இல்ல நினைச்சேன்!"

"நீதான் நினைச்ச. நான் சொல்லல."

"அக்கா, ஊரு முழுக்கப் புதுசு விக்கறவன் நான். என் அக்கா, ஜனங்க என் கடையில விட்டெறிஞ்ச சாமான்ல உட்கார்ந்திருக்கான்னு தெரிஞ்சா என்னை என்ன பேசுவாங்க? இந்த மேஜைக்காரனே நாளைக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்தான்னா?" குரல் ஏறியது. கோபம் பாதி, வலி பாதி. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். பங்கை எழுதிக் கொடுக்கிற தாள், தயாராகத்தான் கொண்டுவந்திருந்தான். "வீடு உனக்குத்தான். இப்பவே கையெழுத்துப் போடறேன். ஆனா இதெல்லாம் வெளிய போகணும். சோபா, கட்டில், மேஜை எல்லாம் கடையிலிருந்து வரட்டும். என் அக்கா வீடு என் அக்கா வீடு மாதிரி இருக்கணும்."

அவன் மேல் அக்காவுக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. ஆனால் கையை உதறிவிட்டுப் பேசுகிற இந்த மனுஷன், தன் அக்காவைக் குறைவாக யாரும் பேசிவிடக் கூடாதே என்றுதான் பதறுகிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதனால் மெதுவாகவே சொன்னாள்.

"கூரையும் கரன்ட்டும் பைப்பும் காசு குடுத்துப் போட்டது. மத்தது எதுல நீ கை வெச்சாலும் அது என் கைடா. முப்பத்தோரு வருஷம் நான் தைச்சதெல்லாம் யார் யார் வீட்டுக்கோ போச்சு. ஒண்ணுகூட என்கிட்ட நிக்கல. இதுதான் நின்னிருக்கு. இதை வெளிய போட்டுட்டு உன் சோபா உள்ள வந்தா, இது உன் கடையோட நாலாவது மாடி. அதுக்கு எனக்குக் கையெழுத்து வேண்டாம். வித்துடு."

தம்பி மனைவி பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். வித்துடு என்ற வார்த்தையைச் சொன்ன பிறகு அக்காவின் கண் அவன் கையிலிருந்த தாளிலேயே நின்றது. சொன்னது சொன்னதுதான், ஆனால் தம்பி தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டால் அவ்வளவுதான், நாளைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"உட்காரு," என்றாள். "டீ போடறேன். நின்னுக்கிட்டே கத்தினா தலை சுத்தும் உனக்கு."

தம்பி பக்கத்தில் இருந்த நாற்காலியில், கோபத்தோடு தொப்பென்று உட்கார்ந்தான். உட்கார்ந்தவன், அடுத்து எதையோ சொல்ல வாயெடுத்தவன், நிறுத்தினான்.

குனிந்து தன் கால்களைப் பார்த்தான். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்திருந்தன. முதுகு சாய்ந்திருந்தது.

தம்பி குள்ளம். அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டார்கள். மூன்று மாடிக் கடைக்காரனை யார் குள்ளன் என்பார்கள்? ஆனால் அந்த மூன்று மாடியிலும் அவனுக்கு ஏற்ற ஆசனம் ஒன்று கிடையாது. பின்னால் தள்ளி உட்கார்ந்தால் கால் தொங்கும். அதனால் எப்போதும் நுனியில்தான் உட்காருவான், இதோ எழுந்துவிடப் போகிறவன் மாதிரி. சுறுசுறுப்பான முதலாளி என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் இடுப்பு வலிக்கிறது என்பான். மெத்தையை மாற்றினான், டாக்டரை மாற்றினான்.

"இது என்னக்கா?" என்றான். குரல் வேறாக இருந்தது.

"குவியல்லதான் கிடந்தது. ஒரு கால் நுனி ஈரத்துல உளுத்துப் போயிருந்தது. புதுசா ஒட்டுப் போடலாம்னான் உன் ஃபிட்டர். நான் வேண்டாம்னு நாலு காலையும் மூணு அங்குலம் வெட்டிட்டேன். பின்னாடி திண்டு நாலு விரல் தடிமன், இல்லேன்னா உனக்கு முட்டி இடிக்கும்."

"என்னை எப்ப அளந்த?"

"உன் பேன்ட்டு ஒவ்வொண்ணையும் யாருடா வெட்டித் தைச்சுக் குடுத்தது? பள்ளிக்கூட நாள்ல இருந்து உன் முட்டியில இருந்து குதிகால் வரைக்கும் எனக்கு மனப்பாடம்." நாற்காலியின் இருக்கையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்த ஜீன்ஸ் பட்டைகளைக் காட்டினாள். "அதோ, அந்தத் துண்டெல்லாம் ஆல்ட்ரேஷன்ல மிஞ்சினது. ரெண்டு மூட்டை சேர்த்து வெச்சிருந்தேன். அதுல பாதி உன்னோட கால்தான். உன் காலை நீயே உட்கார்ந்து அமுக்கிட்டிருக்க."

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி சிரிக்கப் போனான், முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. கைப்பிடியைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தான். விருந்தாளி என்று இந்த வீட்டுக்கு அவள் முதலில் நினைத்த ஆள் தான்தான் என்பது அவனுக்கு உறைக்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

"முதலாளி," என்று வாசலிலிருந்து ஃபிட்டர் குரல் கொடுத்தான். "சோபா கதவு வழியா நுழையாது போலிருக்கு. காலைக் கழட்டட்டுமா?"

"வேண்டாம். கடைக்கே கொண்டு போ."

"கதவைக் கொஞ்சம் கழட்டினா..."

"கொண்டு போன்னு சொல்றேன் இல்ல!"

ஃபிட்டர் அக்காவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு வேனை நோக்கி நடந்தான். தம்பி எழுந்திருக்காமலேயே மேஜையைக் காலால் தன் பக்கம் இழுத்து, தாளை விரித்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, கறுப்பு வட்டம் இருந்த இடத்தை, இப்போது அங்கே ஒன்றும் இல்லாத இடத்தை, ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். ஃபர்னிச்சர்காரனுக்கு மட்டும் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். அக்கா தாளை எடுத்துக்கொண்டாள்.

டீ வந்தது. தம்பி குடித்தான். இன்னொரு டம்ளர் கேட்டான். மனைவி இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள், அவன் அசையவில்லை.

"அக்கா," என்றான் கடைசியில், டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே. "இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா? கல்லாவுக்குப் பின்னாடி போட்டுக்கறேன். இல்லேன்னா, இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு."

"ரெண்டும் முடியாது," என்றாள் அக்கா. "அது இங்கதான் இருக்கும். உனக்கு உட்காரணும்னு தோணினா என் வீட்டுக்கு வா. எப்ப வேணும்னாலும் வா. வேனை மட்டும் கடையிலயே விட்டுட்டு வா."